பொறுப்பில்லாத காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கும் வயர்மேனுக்கு

ஐடிஐயில் இரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் படித்து, ஹெல்பராகச் சில வருடம் ஸ்பிரிங் பிடித்து, வயர்மேன் சான்றிதழும் வாங்கிய பிறகு, எந்த வயர் எதற்கு என்றே தெரியாத ஒருவரிடம் வேலை பார்க்க நேர்வது தமிழ்நாட்டில் சர்வ சாதாரணம். வீடு கட்டித் தரும் காண்ட்ராக்டர்கள் பலர் கொத்து வேலையிலிருந்தோ மனை வியாபாரத்திலிருந்தோ வந்தவர்கள். மின்வேலை அவர்களுக்கு எஸ்டிமேட்டில் ஒரு வரி. டைல்ஸும் பெயின்ட்டும் வீட்டுக்காரர் கண்ணில் படும், பைப்புக்குள் ஓடும் வயர் படாது. ஆகவே கணக்கு இடித்தால் அவர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான். எலக்ட்ரிகல் காண்ட்ராக்டர் என்றே போர்டு மாட்டியிருப்பவர்களிலும், லைசென்ஸ் வேறொருவர் பெயரில் இருக்க, ஆள் பிடித்து வேலையை ஓட்டுகிறவர்கள் உண்டு.

இப்படிப்பட்டவரிடம் மாட்டிக்கொண்ட நல்ல தொழிலாளிகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் போய் விழுகிறார்கள். தினமும் சண்டை போட்டு, வேலையையும் கூலி பாக்கியையும் இழந்து வெளியே வருகிறவர்கள் ஒரு பக்கம். ‘அவர் சொன்னார், செய்தேன்’ என்று மனத்தை மரக்க விட்டு, சில வருடத்தில் தாங்களும் அதே அரைகுறை வேலைக்குப் பழகிப்போகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே வேண்டாம். நீங்கள் இழுத்த வயரை நம்பி வாழப்போவது முகம் தெரியாத ஒரு குடும்பம். காண்ட்ராக்டர் யாராக இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்பை விடாமல், கூலியையும் உடம்பையும் பெயரையும் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மோசமான முதலாளி எல்லாரும் ஒரே ரகம் இல்லை. வேலை தெரியாதவர் ஒரு ரகம். தெரிந்தும் அக்கறை இல்லாதவர் ஒரு ரகம். தெரிந்தே ஏமாற்றுகிறவர் மூன்றாவது ரகம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று பேரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள்: ‘அதெல்லாம் பார்த்துக்கலாம், நீ வேலையை முடி.’ ஆனால் மூவரிடமும் நடந்துகொள்ள வேண்டிய விதம் வேறு வேறு. அதனால் முதல் வாரத்திலேயே ஆளை எடைபோட்டுவிட வேண்டும்.

பச்சை வயர் கேட்டுப் பாருங்கள். தெரியாதவர், ‘அது எதுக்குப்பா தனியா?’ என்பார். எர்த்துக்கு என்று விளக்கினால் வாங்கித் தருவார். அடுத்த வேலையில் அவரே ஞாபகமாகக் கேட்பார். அக்கறை இல்லாதவர் சரி சரி என்பார். மூன்று நாள் கழித்தும் வயர் வராது. நான்காம் நாள் சிவப்பு வயரிலேயே ஓட்டச் சொல்வார். ஏமாற்றுகிறவர் வீட்டுக்காரரிடம் பச்சை வயருக்குப் பணம் வாங்கியிருப்பார். உங்களிடம் போர்டு வாயில் மட்டும் ஒரு ஜாண் பச்சை வயர் தெரிகிற மாதிரி விடச் சொல்வார்.

முதல் ரகத்தை நான் மோசமான முதலாளி என்று சொல்லவே மாட்டேன். அவருக்குக் கற்றுக்கொடுக்கலாம்; மரியாதையோடு கற்றுக்கொடுத்தால் உங்களை விடவே மாட்டார். இரண்டாம் ரகத்தோடு காலம் தள்ளலாம். ஆனால் எல்லாவற்றையும் நீங்களே நினைவூட்ட வேண்டும், எழுதி வைக்க வேண்டும். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அவரை மனத்தில் வைத்துத்தான் எழுதப்பட்டது. மூன்றாம் ரகத்திடமிருந்து விலகுவதைத் தவிர வேறு வழி இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதில் விட்டுக்கொடுக்கலாம்

எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நின்றால், உயிர் போகிற விஷயத்துக்கு நீங்கள் நிற்கும்போது அதையும் வழக்கமான முணுமுணுப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். அதனால் சிலதை விட்டுவிட வேண்டும்.

ஸ்விட்ச் போர்டு அவர் சொன்ன உயரத்தில் இருக்கட்டும். அவருக்குப் பிடித்த கம்பெனி ஸ்விட்ச்சையே மாட்டுங்கள், ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் போதும். ஹாலை முடிக்காமல் மாடிக்குப் போகச் சொன்னால் போங்கள். வயரில் கலர் குறைவாக வாங்கி வந்துவிட்டாரா? பேஸ் எல்லாமே சிவப்பாக இருந்தாலும் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் சுற்றி எந்த லைன் என்று குறித்துக்கொண்டு ஓட்டலாம். நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை என்ற இரண்டை மட்டும் மாற்றாதீர்கள். பத்து வருடம் கழித்து அந்தப் போர்டைத் திறக்கப்போகும் வேறொரு வயர்மேன் அந்தக் கலரை நம்பித்தான் கை வைப்பான்.

கான்கிரீட் போடும் நாளுக்கு முதல்நாள் இரவு போன் செய்து, ‘காலையில ஸ்லாப், வந்து பைப் போட்டுடு’ என்று சொல்லும் காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். இது அலட்சியம்தான். ஆனால் கோபத்தில் சைட்டுக்குப் போகாமல் இருந்தால் நஷ்டம் உங்களுக்கு. கம்பி கட்டுகிறவர்களிடம் நீங்களே நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கம்பி கட்டி முடிவது எப்போது என்று அவர்கள் சரியாகச் சொல்வார்கள். காண்ட்ராக்டர் சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஃபேன் பாக்ஸுக்குள் காகிதமோ தெர்மோகோலோ அடைத்து, பைப் முனைகளை டேப்பால் மூடிவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது ஒரு ஹெல்பரையாவது மேலே நிறுத்துங்கள். வைப்ரேட்டர் பட்டு விலகிய ஒரு பெண்டுக்காகப் பிறகு சீலிங்கை உடைப்பது நீங்கள்தான்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

முதலாவது எம்சிபி. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் காண்ட்ராக்டரோடு வரும் தகராறுகளில் இதுதான் அடிக்கடி வருவது.

மாடி படுக்கையறைக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் வயரில் ஒரு லைன் போயிருக்கிறது. வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் ஏசி வேண்டும் என்கிறார். பாத்ரூமில் 3 கிலோவாட் ஹீட்டரும் வருகிறது. காண்ட்ராக்டர், பக்கத்துப் பிளக் பாயிண்ட்டிலிருந்தே இரண்டுக்கும் எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை டன் ஏசி சுமார் 7, 8 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து ஓடினால் 20 ஆம்பியரைத் தாண்டுகிறது. 16 ஆம்பியர் எம்சிபி கொஞ்ச நேரத்தில் ட்ரிப் ஆகிறது. ட்ரிப் ஆகத்தான் வேண்டும். அது தன் வேலையைச் செய்கிறது. வீட்டுக்காரர் போன் செய்கிறார். காண்ட்ராக்டர் உங்களிடம் சொல்வது: ‘அதை எடுத்துட்டு 32 போட்டுடு தம்பி.’

எம்சிபி காப்பாற்றுவது வயரை. பைப்புக்குள் மற்ற வயர்களோடு நெருங்கிக் கிடக்கும் 1.5 வயர் 16 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து தாங்காது. 32 ஆம்பியர் எம்சிபியோ 32 ஆம்பியர் வரை வாய் திறக்காமல் விட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண பிவிசி வயரின் தாங்கு வெப்பம் 70 டிகிரி. அதைத் தாண்டி மாதக்கணக்கில் சூடேறினால் பிவிசி கெட்டியாகி வெடிக்கும். ஒரு பெண்டில், வெளியில் தெரியாத இடத்தில், பேஸும் நியூட்ரலும் ஒட்டும். அன்றைக்குத் தீப்பிடித்த பிறகு டிபி பாக்ஸைத் திறந்து பார்க்கிறவருக்கு 1.5 வயரின் தலையில் 32 ஆம்பியர் எம்சிபி பளிச்சென்று தெரியும். அதை மாட்டிய கை யாருடையது என்பதும் தெரியும்.

ஹீட்டருக்குத் தனியாக 4 ஸ்கொயர், ஏசிக்குத் தனியாக 4 ஸ்கொயர், இரண்டுக்கும் டிபியில் தனித்தனி எம்சிபி. வயர் வராதவரை அந்தப் பாயிண்ட்டுக்கு லைன் கொடுக்காதீர்கள். லைன் கொடுக்காத பாயிண்ட் யாரையும் கொல்லாது. காண்ட்ராக்டருக்கு வீட்டுக்காரர் கொடுக்கும் நெருக்கடியே வயரை வாங்க வைத்துவிடும்.

இரண்டாவது, எர்த்தும் ஆர்சிசிபியும். எர்த் குழி தோண்டாமல், டிபி பாக்ஸுக்குள் எர்த் வயரை நியூட்ரல் லிங்கில் முறுக்கிவிடச் சொல்வது ஒரு பழைய குறுக்குவழி. டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால் எரியும். எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தோன்றும். என்றாவது வீட்டுக்கு வரும் நியூட்ரல் அறுந்தால், பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் என்று அந்த வீட்டில் எர்த்தில் சேர்ந்திருக்கும் இரும்பு உடம்பு அத்தனையிலும் பேஸ் ஏறி நிற்கும். ஈரக் கையோடு பிரிட்ஜைத் திறக்கும் பெண்ணுக்கு அது தெரியப்போவதில்லை.

ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று வீட்டுக்காரர் புகார் சொன்னால் காண்ட்ராக்டர் அதை பைபாஸ் செய்யச் சொல்வார். செய்யவே செய்யாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவில் லைனைத் துண்டிக்கும் அந்தப் பெட்டிதான் ஒரு குழந்தைக்கும் மரணத்துக்கும் இடையில் இருப்பது. பைபாஸ் செய்வதற்குப் பதில் அரை நாள் கேட்டு வாங்குங்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஹீட்டர் எலிமென்ட்டில் கசிவு, ஏதோ ஒரு மெட்டல் பாக்ஸில் நியூட்ரல் தோல் உரிந்து எர்த்தைத் தொடுவது, அல்லது ஒரு ஆர்சிசிபியின் பேஸுக்கு இன்னொரு ஆர்சிசிபியின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பது. ஆர்சிசிபி பார்ப்பது போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்பதைத்தான். நியூட்ரல் வேறு வழியில் திரும்பினால் கசிவே இல்லாமலும் ட்ரிப் ஆகும்.

தேடும்போது ஒன்றை மறக்காதீர்கள். சிங்கிள் போல் எம்சிபியை ஆஃப் செய்தால் பேஸ் மட்டும்தான் துண்டிக்கப்படுகிறது. நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எல்லா எம்சிபியும் ஆஃபில் இருந்தாலும் அந்தத் தொடுகை அப்படியேதான் இருக்கும். மெயினை ஆஃப் செய்து, லிங்கிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, 500 வோல்ட் மெகரால் ஒவ்வொரு லைனையும் எர்த்துக்கு எதிராகப் பாருங்கள். அதற்குமுன் பிளக்கில் செருகியிருக்கும் சாமான்களையும் எல்இடி பல்புகளையும் கழற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் அளவும் தப்பும், பல்புகளும் போகும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிற லைன்தான் உங்கள் லைன். இப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்து கொடுத்துவிட்டால், பைபாஸ் பேச்சை அந்தக் காண்ட்ராக்டர் உங்களிடம் மறுபடி எடுப்பது அபூர்வம்.

மூன்றாவது உங்கள் உயிர். ‘ரெண்டு நிமிஷ வேலை, லைன்லயே பண்ணிடு’ என்று யார் சொன்னாலும் மெயினை ஆஃப் செய்யாமல் கை வைக்காதீர்கள். பியூஸ் கேரியர் இருக்கிற இடத்தில் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பழைய வயர்மேன்களின் வழக்கம் மிக நல்ல வழக்கம். எம்சிபி என்றால் ஆஃப் செய்து டேப் ஒட்டி, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று எழுதித் தொங்கவிடுங்கள். முடிந்தால் டிபி கதவைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளுங்கள். மெயினை ஆஃப் செய்தாலும் இன்வெர்ட்டர் லைன் செத்துவிடாது என்பதை இன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. பியூஸ் போன நேரத்தில் இன்வெர்ட்டர் ஓடும் வீட்டில் டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். நியான் டெஸ்டர் பகல் வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும். அறுந்த நியூட்ரலைக் காட்டாது. மல்டிமீட்டரை முதலில் உயிருள்ள ஒரு லைனில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் லைனில் வைத்து, மறுபடி உயிருள்ள லைனில் வைத்துப் பாருங்கள். மீட்டர் நடுவில் செத்துப்போகவில்லை என்பது அப்போதுதான் உறுதி.

சைட்டில் தற்காலிக லைனும் இதில்தான் சேரும். பிளக் டாப் இல்லாமல் இரண்டு வயர் முனையையும் சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சி வைத்து இறுக்கியிருப்பதை எத்தனையோ சைட்டில் பார்க்கலாம். அதில் ஓடுவது கட்டிங் மெஷின். பக்கத்தில் க்யூரிங் தண்ணீர். காண்ட்ராக்டர் நல்ல போர்டு வாங்கித் தருவார் என்று காத்திருக்காமல், உங்களுக்கென்று ஒரு கையடக்க போர்டு செய்துகொள்ளுங்கள்: ஆர்சிசிபி ஒன்று, எம்சிபி ஒன்று, இரண்டு தொழிற்சாலை ரக சாக்கெட், நல்ல த்ரீ கோர் கேபிள். அதில் எர்த் கோருக்கு நல்ல எர்த் கிடைக்கிறதா என்பதையும் ஒவ்வொரு சைட்டிலும் முதல் நாளே பாருங்கள். கைக்காசு போகும், வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் செய்யுங்கள்.

வயரை எடைபோட்டுப் பாருங்கள்

காண்ட்ராக்டர் மலிவாக எங்கேயோ வாங்கி வரும் காயில்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே நல்ல பெயர் அச்சாகியிருக்கும். உள்ளே செம்பு குறைவாக இருக்கும், அல்லது செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருக்கும். இழைகளைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். செம்பின் அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 1.5 ஸ்கொயர் வயர் 90 மீட்டர் காயிலில் செம்பு மட்டும் ஏறக்குறைய 1.2 கிலோ இருக்க வேண்டும். 2.5 ஸ்கொயரில் ஏறக்குறைய 2 கிலோ. ஒரு மீட்டர் துண்டு வெட்டி, தோலை உரித்து, நகைக்கடைத் தராசில் போட்டால் 1.5 வயருக்குச் சுமார் 13 கிராம் வரும். 9 கிராம் காட்டினால் அது 1.5 வயர் இல்லை. இதை வாயால் சொன்னால் காண்ட்ராக்டர் கேட்க மாட்டார். உரித்த செம்பைத் தராசுச் சீட்டோடு மேஜைமேல் வைத்தால் கேட்பார். அவரைக் கடைக்காரர் ஏமாற்றியிருக்கிறார் என்ற பேச்சாக அது மாறிவிடும்.

எப்படிச் சொல்வது

வீட்டுக்காரர் முன்னால் காண்ட்ராக்டரைத் திருத்தாதீர்கள். ஹெல்பர்கள் முன்னாலும் வேண்டாம். அவர் தெரியாதவர் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தாலும், நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் அவர் தன் தவறைவிட்டு இறங்கவே மாட்டார்; பிறகு அந்தத் தவறு அந்த வீட்டுக்குள் நிரந்தரமாகிவிடும். டீ குடிக்கப் போகும்போது தனியாகச் சொல்லுங்கள்.

சொல்லும்போது விதி எண், சட்டம் என்று தொடங்கினால், படித்த திமிர் என்று நினைப்பார். அவருக்கு வரப்போகும் செலவிலிருந்து தொடங்குங்கள். ‘அண்ணே, இப்ப ஒரு காயில் 4 ஸ்கொயர் வாங்கினா முடிஞ்சிடும். பூச்சு முடிஞ்ச பிறகு கம்ப்ளெய்ன்ட் வந்தா டைல்ஸை உடைக்கணும், அந்தக் காசு உங்க தலையிலதான் விழும்’ என்றால் காதில் ஏறும். அவர் யோசிக்கட்டும். உடனே சம்மதம் எதிர்பார்க்காதீர்கள். மறுநாள் தன் யோசனை போல அவரே வந்து சொன்னால், நல்லதுண்ணே என்று விட்டுவிடுங்கள். பெயர் யாருக்குப் போனால் என்ன, வயர் சரியாகப் போனால் சரி.

முடியாது என்று சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் வளைக்காமல் சொல்லுங்கள். ‘அண்ணே, இதை மட்டும் நான் செய்ய மாட்டேன். மத்த வேலை எல்லாம் இன்னைக்கே முடிச்சுத் தர்றேன்.’ காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் வைத்திருப்பார்.

எழுதி வையுங்கள்

பேசியது எதுவும் பிறகு நிற்காது. ‘நான் எப்ப சொன்னேன்?’ என்ற கேள்வியைக் கேட்காத காண்ட்ராக்டர் இல்லை. தனியாகப் பேசிவிட்டு வந்த அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டுவிடுங்கள். சண்டைத் தொனி வேண்டாம். வேலைக் குறிப்பு போல இருக்கட்டும்.

‘அண்ணே, வணக்கம். மாடி பெட்ரூம் ஏசிக்கும் ஹீட்டருக்கும் இப்ப இருக்கிற லைன் 1.5. ரெண்டுக்கும் தனித்தனியா 4 ஸ்கொயர் இழுக்கணும். ரெண்டு காயில் வேணும். வர்ற வரைக்கும் அந்த ரெண்டு பாயிண்ட்டுக்கும் லைன் கொடுக்காம வெச்சிருக்கேன்.’

என்ன குறை, என்ன தேவை, இப்போது என்ன நிலையில் வைத்திருக்கிறீர்கள் என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

பூச்சுக்கு முன் சுவரையும், கான்கிரீட்டுக்கு முன் ஸ்லாப்பையும் போட்டோ எடுத்து வையுங்கள். பக்கத்தில் டேப் வைத்து எடுத்தால் பிறகு எங்கே டிரில் போடலாம் என்பதும் தெரியும். எர்த் குழியை மூடுவதற்கு முன் எடுக்கும் போட்டோ மிக முக்கியம். ஒரு சின்ன டைரியில் தேதி, சைட், வேலை செய்த ஆட்கள், வந்த பொருள், மெகர் அளவு, வாங்கிய பணம் ஆகியவற்றைத் தினமும் எழுதுங்கள். சம்பளத் தகராறு வந்தாலும் விபத்து வழக்கு வந்தாலும் அந்த டைரி பேசும்.

கையெழுத்தும் சான்றிதழும்

மின் இணைப்புக்குக் கொடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட்டில், நீங்கள் மெகர் வைக்காத வீட்டுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். காலி ரிப்போர்ட்டில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் சில காண்ட்ராக்டர்களிடம் இருக்கிறது. நீங்கள் கால் வைக்காத வீடுகளுக்கெல்லாம் நீங்கள் பொறுப்பாளி ஆகிவிடுவீர்கள். தமிழ்நாடு மின் உரிம வாரியம் கொடுத்த வயர்மேன் சான்றிதழின் அசலையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டால் கூடவே போய்க் காட்டிவிட்டு, கையோடு திருப்பி எடுத்து வாருங்கள். முன்பணம் கொடுத்துவிட்டு அசலைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆளை நகரவிடாமல் செய்கிற கதை நம் தொழிலில் நிறைய.

கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு இருந்தது. அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் அது 5 ஆண்டு வரை உயர்ந்திருக்கிறது. முதலாளி சொன்னார் என்ற ஒரு வாக்கியத்தால் மட்டும் அதிலிருந்து தப்பிவிட முடியும் என்று நினைக்க வேண்டாம்.

உங்களுக்குக் கீழே இருப்பவர்கள்

காண்ட்ராக்டரிடம் வாங்கிய வசவை ஹெல்பர் மேல் இறக்குவது நம் சைட்டுகளில் தொன்றுதொட்டு நடக்கிறது. அந்தப் பையன் உங்களைப் பார்த்துத்தான் தொழில் கற்கிறான். காண்ட்ராக்டர் அவசரப்படுத்தியதால் ஒரு போர்டில் எர்த்தைக் கொடுக்காமல் மூடினால், எர்த் அவசரத்தில் விட்டுவிடக்கூடிய ஒன்று என்று அவன் கற்றுக்கொள்கிறான். அவன் வயர்மேன் ஆகி நூறு வீடு செய்வான். செருப்பில்லாமல் லைன் பக்கம் வரவிடாதீர்கள். மெயினை ஆன் செய்யும் அதிகாரம் ஒரே ஆளிடம் இருக்கட்டும்; சத்தம் போட்டுச் சொல்லி, பதில் வந்த பிறகே ஆன் செய்யும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

கூலி

வேலையில் அலட்சியமாக இருப்பவர் பணத்திலும் அப்படித்தான் இருப்பார். சனிக்கிழமைக் கூலியில் கொஞ்சம் நிறுத்தி வைப்பார். அது சேர்ந்துகொண்டே போகும். பாக்கி இரண்டு வாரக் கூலியைத் தாண்டவிடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. தாண்டினால், பணம் வரும் என்ற நம்பிக்கையிலேயே அவர் சொல்லும் கூடாத வேலையையும் செய்யத் தொடங்குவீர்கள். பெரிய முன்பணம் வாங்குவதும் அதே பள்ளத்தில்தான் தள்ளும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்ளும், வாரக் கூலி அந்த வாரத்தின் கடைசி வேலை நாளிலும், தினக்கூலி அன்றைய வேலை முடியும்போதும் தர வேண்டும். வேலையிலிருந்து விலகினாலோ விலக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். டைரியும் வாட்ஸ்அப் செய்திகளும் ஜிபே ரசீதுகளும் அங்கே உதவும். 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். காண்ட்ராக்டர் செய்து தருவார் என்று காத்திருக்காதீர்கள்.

எப்போது விலகுவது

ஆர்சிசிபியை பைபாஸ் செய், எர்த் இல்லாமல் மூடு, லைனிலேயே வேலை செய், சோதிக்காத வீட்டுக்குக் கையெழுத்துப் போடு. இந்த நான்கில் ஒன்றை நீங்கள் மறுத்த பிறகும் அவர் இரண்டாம் முறை வற்புறுத்தினாலோ, நீங்கள் மறுத்ததை வேறு ஆளை வைத்துச் செய்தாலோ, அவர் மூன்றாம் ரகம். கிளம்பிவிடுங்கள்.

கிளம்புவதிலும் ஒழுங்கு வேண்டும். திறந்த வயர் முனைகளைக் கனெக்டர் போட்டோ டேப் சுற்றியோ மூடி, டிபியில் எது எந்த லைன் என்று எழுதி ஒட்டி, பாதியில் நிற்கும் பாயிண்ட்டுகளைப் பட்டியல் போட்டு அனுப்பிவிட்டுப் போங்கள். அடுத்து வருகிற வயர்மேன் உங்களைப் போல ஒரு தொழிலாளி. கூலி பாக்கிக்காகப் பைப்பிலிருந்து வயரை உருவிக்கொண்டு போவது, வேண்டுமென்றே கோளாறு வைத்துவிட்டுப் போவது இவற்றை ஒருபோதும் செய்யாதீர்கள். ஷாக் அடிப்பது காண்ட்ராக்டருக்கு இல்லை.

வீட்டுக்காரரிடம் காண்ட்ராக்டரைப் பற்றிக் குறை சொல்லித் திரிய வேண்டாம். ஆனால் உயிருக்கு ஆபத்தான ஒன்று அந்த வீட்டில் இருந்தால், அதை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ‘சார், மேல் பாத்ரூம் ஹீட்டருக்கு எர்த் வரலை. சரிபண்ணாம ஆன் பண்ணாதீங்க’ என்பது குறை சொல்வது ஆகாது. அதைச் சொல்லாமல் போவதற்கு உங்களுக்கு உரிமை இல்லை.

அடுத்த வேலைக்குப் போக உங்கள் கையில் மூன்று இருக்க வேண்டும்: சொந்தக் கருவிகள், ஒரு மாதச் செலவுக்குப் பணம், காலாவதியாகாத வயர்மேன் சான்றிதழ். கருவிகளில் மெகருக்கும் நல்ல மல்டிமீட்டருக்கும் காண்ட்ராக்டரை நம்பாதீர்கள். சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை இன்று மாலை எடுத்துப் பாருங்கள். நாள் நெருங்கியிருந்தால் இந்த வாரமே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.